பச்சைக் கீரை: எதை அப்படியே உண்பது, எதை வேகவைப்பது?

வகுப்பு: 5 முதல் 8 வரை
பாடம்: அறிவியல், கணக்கு
தேவைப்படும் நேரம்: மூன்று பாடவேளைகள்

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019-21), தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. நம் மாணவர்களின் அம்மாக்களும் அக்காக்களும் இந்தக் கணக்கில் இருக்கிறார்கள். மேல்வகுப்பு மாணவிகளும் இருக்கிறார்கள். முதல் பாடவேளையிலேயே சோர்ந்து உட்காரும் பிள்ளையின் சோர்வுக்கு இரத்தசோகையும் காரணமாக இருக்கக்கூடும்.

வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையோடு வீட்டுத் தட்டும் மாறினால்தான் பலன் நிலைக்கும். கீரை வாங்கப் பெரிய செலவு இல்லை. ஆனால் எதைப் பச்சையாக உண்பது, எதைச் சமைப்பது என்ற தெளிவு வேண்டும்.

நம் மாவட்டத்தின் கீரை மரபு

கடலூர் மாவட்டத்துக்குக் கீரை புதிதல்ல. 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கிய வள்ளலார், அன்றாட வாழ்க்கை முறை பற்றிய தம் குறிப்புகளில் கரிசலாங்கண்ணிக்கும் தூதுவளைக்கும் சிறப்பிடம் தந்தார். வரப்பில் முளைப்பதும் வேலியில் படர்வதும் ஏழைக்கும் கிடைக்கும். கடற்கரையோரச் சதுப்பு நிலங்களில் வளரும் உமரிக் கீரையை வேகவைத்து, உப்பு நீரை வடித்து உண்ணும் வழக்கமும் உண்டு. பாடத்தைத் தொடங்கும் முன், பாட்டி காலத்தில் உண்ட கீரைகளின் பெயர்களை மாணவர்கள் வீட்டில் கேட்டு எழுதி வரட்டும்.

பச்சை இலையின் வேலை என்ன?

கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் எடுத்துக்கொள்வதில்லை. அதே வேளை உணவில் வைட்டமின் சி இருந்தால் உறிஞ்சும் அளவு கூடும். வைட்டமின் சி சூட்டில் அழியும். வேகவைத்த நீரிலும் கரைந்து போகும். ஆகவே சமைத்த முருங்கைக்கீரையோடு கொஞ்சம் பச்சைக் கொத்தமல்லித் துவையலோ, எலுமிச்சை பிழிந்த முட்டைக்கோஸ் துருவலோ சேர்ந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று துணை. சாப்பிட்ட உடனே குடிக்கும் தேநீர் இதற்கு நேர்மாறாக வேலை செய்யும். அதை ஒரு மணி நேரமாவது தள்ளிவைக்கச் சொல்லலாம்.

பச்சையாக உண்ணத் தக்கவை: கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலை, இளம் வெந்தயக்கீரை, முட்டைக்கோஸ். வல்லாரைத் தளிர் நாலைந்து இலை போதும்.

சமைத்து உண்ண வேண்டியவை: முருங்கை, அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை. வேகும்போது இவற்றின் ஆக்சாலிக் அமிலம் குறைகிறது. சிறிது எண்ணெய் சேர்த்தால் பீட்டா கரோட்டினும் நன்கு கிடைக்கும்.

பச்சையாக வாயில் வைக்கக் கூடாதவை: சேம்பு இலை, பிரண்டை. இரண்டும் நாக்கையும் தொண்டையையும் அரிக்கும்.

செயல்பாடு 1: வைட்டமின் சி எங்கே போனது?

வடித்த கஞ்சியில் ஒரு தேக்கரண்டி எடுத்து ஒரு டம்ளர் நீரில் கலக்கவும். இரண்டு மூன்று சொட்டு டிங்சர் அயோடின் விட்டால் நீலமாகும். இதை மூன்று கண்ணாடிக் குவளைகளில் சம அளவாகப் பிரிக்கவும். முட்டைக்கோஸை இரு சம பங்காக்கி, ஒன்றைப் பச்சையாக அரைத்து வடிகட்டவும். மற்றதைப் பதினைந்து நிமிடம் வேகவைத்து, நீரை இறுத்தபின் அதே அளவு நீர் சேர்த்து அரைத்து வடிகட்டவும். இறுத்த நீரைக் கொட்டிவிடாமல் ஆற வைக்கவும்.

இந்த மூன்றையும் குவளைக்கு ஒன்றாகச் சொட்டுச் சொட்டாக விட்டு, நீலம் மறைய எத்தனை சொட்டு ஆகிறது என்று மாணவர்கள் எண்ணட்டும். குறைந்த சொட்டில் மறைந்தால் வைட்டமின் சி அதிகம் என்று பொருள். இறுத்த நீரும் நிறத்தைப் போக்குவதைக் கண்டால், கீரை வேகவைத்த நீரை ஏன் கொட்டக் கூடாது என்பது தானே விளங்கும். சோதனைக் கலவையை யாரும் குடிக்கக் கூடாது.

செயல்பாடு 2: கீரைக் கணக்கு

உழவர் சந்தையிலும் தெருக்கடையிலும் ஒவ்வொரு கட்டு வாங்கி வரச் செய்யவும். வாங்கியபோது எடை, ஆய்ந்தபின் எடை, கழிவு விழுக்காடு, உண்ணும் பகுதி 100 கிராமின் விலை ஆகியவற்றைக் கண்டறியட்டும். விலை குறைந்த கட்டு உண்மையில் மலிவுதானா என்பதற்கு விடை கிடைக்கும்.

செயல்பாடு 3: வாளித் தோட்டம்

ஓட்டை வாளி, பழைய எண்ணெய் டின் போதும். அடியில் துளையிட்டு மண்ணும் மட்கிய எருவும் நிரப்பி, சமையலறை வெந்தயத்தை ஓர் இரவு ஊறவைத்துத் தூவினால் மூன்று நான்கு வாரத்தில் இளங்கீரை பறிக்கலாம். கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்து விதைக்கவும். அதற்குக் கூடுதல் நாள் ஆகும். நிலத்தடி நீர் உப்பாக உள்ள கடலோர ஊர்களில் அரிசி கழுவிய நீர் உதவும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாளிகளைத் தாழ்வாரத்துக்கு மாற்றிவிடலாம்.

கவனிக்க வேண்டியவை

பச்சையாக உண்ணும் இலையில் மண்ணும் புழு முட்டையும் கிருமியும் ஒட்டியிருக்கலாம். இலை இலையாகப் பிரித்து ஓடும் நீரில் கழுவி, கடைசியாகக் கொதித்து ஆறிய நீரில் அலச வேண்டும். உப்பு மஞ்சள் நீர் மட்டும் எல்லாக் கிருமியையும் கொல்லாது. சாக்கடையோரம், ஆலைக் கழிவு பாயும் இடம், மருந்து தெளித்த வயல் ஆகியவற்றில் கீரை பறிக்கக் கூடாது. பள்ளியில் பரிமாறுவதாக இருந்தால் தலைமையாசிரியர், சத்துணவு அமைப்பாளர் இருவரிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். குடற்புழு நீக்க மாத்திரை தரும் நாளில் விடுபட்ட பிள்ளைகளின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மதிப்பீடு

1. முருங்கைக்கீரைக் கூட்டுடன் எந்தப் பச்சை இலையைச் சேர்ப்பாய்? ஏன்?
2. கீரை வேகவைத்த நீரை உன் வீட்டில் எதற்குப் பயன்படுத்தலாம்?
3. 20 ரூபாய்க்குள் உன் வீட்டுக்கு இரண்டு நாள் கீரைத் திட்டம் எழுது.

மூன்றாம் கேள்விக்கான விடையை அம்மாவிடமோ அப்பாவிடமோ காட்டிக் கையொப்பம் பெற்று வரச் சொல்லுங்கள். சமையல் முடிவாகும் இடத்துக்குப் பாடம் போய்ச் சேர இதுவே எளிய வழி.