சில கோடுகள்

கேள்வி: நாலைந்து கறுப்புக் கோடுகளை அச்சிட்ட தாளை அருங்காட்சியகத்தில் சித்திரமென்று வைத்திருப்பது நியாயமா? (கடைசல் தொழிலாளி, கும்மிடிப்பூண்டி)

பதில்: நியாயமே. அலிகாரில் 1937-இல் பிறந்து, கணிதம் பயின்று, பின்னர் பாரிஸில் அச்சுக்கலைஞர் ஹேய்ட்டரிடம் அக்கலையைக் கற்ற ஜரீனா ஹாஷ்மி, தேசப் பிரிவினைக்குப் பின் தம் குடும்பத்தார் கராச்சிக்குக் குடிபெயர்ந்த துயரத்தை நெஞ்சில் சுமந்து, வீடு, வாசற்படி, எல்லை முதலியவற்றைக் குறிக்கும் உருதுச் சொற்களுக்குச் சில கோடுகளால் ஒவ்வொரு ரூபமாக 1999-இல் வடித்த 36 மரவெட்டு அச்சுகள், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

கடைசல் இயந்திரத்தில் வேண்டாததைச் சீவித்தள்ளி உருவத்தைக் காண்பவர் தாங்கள். மரவெட்டிலும் அப்படியே, கறுப்பாகப் பதியவேண்டிய கோட்டை மட்டும் மேடாக நிறுத்தி, சுற்றியுள்ள பலகை முழுவதையும் உளியால் அகழ்ந்தெடுக்க வேண்டும். அந்தத் தாளில் வெறுமையாகத் தோன்றும் வெண்மை அனைத்தும், என் மனத்துக்கு, ஜரீனாவின் கைகளின் உழைப்பாகவே தெரிகிறது.