பள்ளிச் சூழலும் குடும்ப ஆதரவும் பதின்ம வயதினரின் கல்வி ஈடுபாடும் – ஒரு பார்வை

முன்னுரை

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்று இடைநிலைப்பள்ளியில் காலடி எடுத்து வைக்கும் மாணவன், ஏறக்குறைய அதே வேளையில்தான் பதின்ம வயதிலும் நுழைகிறான். உடலும் மனமும் மாறிக்கொண்டிருக்கும் காலத்தில் அவனுடைய பள்ளி, பயிற்றுமொழி, நண்பர்கள் என அனைத்தும் சேர்ந்தே மாறிவிடுகின்றன. “ஆறாம் ஆண்டு வரைக்கும் நல்லாத்தான் படிச்சான், பெரிய பள்ளிக்கூடம் போனதும் கெட்டுப் போயிட்டான்” என்று பெற்றோர் பலர் வருந்துவதை நாம் கேட்டிருக்கிறோம். இதற்கு மாணவனின் குணத்தையோ சேர்க்கையையோ காரணம் காட்டிவிட்டு நகர்ந்து விடுவது எளிது. ஆனால், பள்ளிச் சூழலும் குடும்ப ஆதரவும் இதில் வகிக்கும் பங்கு என்ன? இவ்விரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாதபோது மாணவன் என்ன ஆகிறான்? ஒரு காலத்தில் இப்பேரவையின் உறுப்பினராக இருந்து, இன்று இடைநிலைப்பள்ளி ஆசிரியராகப் பணியாற்றும் நான், என் சொந்த அனுபவத்தையும் ஆய்வாளர்கள் கண்டறிந்தவற்றையும் இணைத்து இக்கேள்விகளை ஆராய முனைகிறேன்.

ஈடுபாடு என்பது யாது?

மாணவன் தினமும் வகுப்புக்கு வந்து அமைதியாக அமர்ந்திருந்தால் அவன் கல்வியில் ஈடுபாடு உள்ளவன் என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஜெனிபர் பிரெட்ரிக்ஸ், பிலிஸ் புளூமன்பெல்ட், அலிசன் பாரிஸ் ஆகிய மூவரும் 2004 ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் ஈடுபாட்டை மூவகையாகப் பிரித்தனர். முதலாவது, நடத்தை சார்ந்த ஈடுபாடு: பள்ளிக்கு வருதல், பாடங்களைச் செய்தல், விதிகளைப் பின்பற்றுதல். இரண்டாவது, உணர்வு சார்ந்த ஈடுபாடு: ‘இது என் பள்ளி, இங்கே எனக்கு இடம் உண்டு’ என்ற எண்ணம். மூன்றாவது, சிந்தனை சார்ந்த ஈடுபாடு: கடினமான ஒன்றைப் புரிந்துகொள்ள மனமுவந்து உழைத்தல்.

இவற்றுள் முதலாவது மட்டுமே வருகைப் பதிவேட்டில் தெரியும். மற்ற இரண்டும் தேய்ந்து போவதை யாரும் குறித்து வைப்பதில்லை. மாணவன் பள்ளிக்கு வராமல் நின்றுவிடும் நாளில்தான் நாம் விழித்துக்கொள்கிறோம்.

புகுமுக வகுப்பில் இருவர்

நான் கெடா மாநிலத்துத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பயின்றவன். ஆறாம் ஆண்டில் நாங்கள் மொத்தம் 11 பேர். 2003 ஆம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வில் எனக்கும் என் நெருங்கிய நண்பனுக்கும் மலாய்மொழிக் கட்டுரைத் தாளில் ‘டி’ கிடைத்தது. ஆகவே 2004 ஆம் ஆண்டு இருவரும் பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பில் சேர்க்கப்பட்டோம். தமிழ், சீனப் பள்ளிகளிலிருந்து வருவோர் மலாய்மொழியில் தேர்ச்சி பெற ஓராண்டு பயிலும் வகுப்பு அது. நோக்கம் நல்லதுதான். ஆனால், எங்களோடு படித்தவர்கள் முதலாம் படிவத்துக்குப் போக, நாங்கள் மட்டும் தனிக் கட்டடத்தின் கோடியில் இருந்த வகுப்பறைக்குப் போனோம். 11 பேரில் ஒருவனாக இருந்த நான், ஆயிரம் பேருக்கு மேல் பயிலும் பள்ளியில் என் பெயரைச் சரியாகச் சொல்லக்கூடிய ஆசிரியரைத் தேட வேண்டியிருந்தது.

என் நண்பன் கணிதத்தில் என்னைவிடக் கெட்டிக்காரன். அவன் அப்பா லாரியில் செம்பனைக் குலை ஏற்றும் வேலை செய்தார். மகன் மீது அவருக்கு அளவற்ற பாசம். மிதிவண்டி வாங்கிக் கொடுத்தார். பட்டணத்தில் பிரத்தியேக வகுப்புக்கும் கட்டணம் கட்டினார். தேர்வு முடிவு வந்தால் மட்டும் அறிக்கை அட்டையைப் பார்த்துவிட்டு, “உனக்காகத்தானடா நான் ஒழைக்கிறேன்” என்பார். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

என் அம்மா பால்மரம் சீவியவர். மலாய்மொழி எழுத்து அவருக்குத் தெரியாது. அறிக்கை அட்டை வாங்கப் பள்ளிக்கு வந்தபோது, வேலைக்காட்டிலிருந்து நேராக வந்த கூச்சத்தில் வாசலிலேயே நின்றார். என் மலாய்மொழி ஆசிரியை எழுந்து வந்து அவரை அழைத்துப் போய் உட்கார வைத்தார். என்னையே மொழிபெயர்க்கச் சொன்னார். ஒரு பழைய நாளிதழ்க் கட்டை என் கையில் கொடுத்து, “தினமும் இரவில் பத்து நிமிடம் இதை அம்மாவிடம் உரக்க வாசிக்க வேண்டும், அம்மா கேட்க வேண்டும்” என்றார். அம்மாவுக்கு ஒரு சொல்லும் புரியாது. இருந்தும் அன்றிரவு முதல் பாத்திரம் கழுவிவிட்டு வந்து என் எதிரே உட்காருவார். நான் தடுமாறினால், “ஏன் நிக்கிற? வாசி ஐயா” என்பார். வாசித்து முடித்ததும், “இப்ப என்னா கதைன்னு தமிழ்ல சொல்லு” என்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவே நான் புரிந்து வாசிக்கத் தொடங்கினேன்.

பள்ளியின் பங்கு

1966 ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் வெளிவந்த அறிக்கை, மாணவர் அடைவுநிலையில் பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பப் பின்னணிக்கே அதிகப் பங்கு உண்டு என்று கூறியது. அப்படியானால் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளியால் பயனில்லையா என்ற கேள்வி எழுந்தது. இதற்கு நம்பிக்கையளிக்கும் விடை லண்டனிலிருந்து வந்தது. மைக்கேல் ரட்டரும் அவர்தம் குழுவினரும் அந்நகரின் 12 இடைநிலைப்பள்ளிகளை ஆராய்ந்து 1979 ஆம் ஆண்டு ஒரு நூலை வெளியிட்டனர். ஒரு மாணவன் பள்ளியில் கழிக்கும் நேரத்தைக் குறிக்கும் வகையில் ‘பதினைந்தாயிரம் மணி நேரம்’ என்று அதற்குப் பெயரிட்டனர். ஒரே மாதிரியான பின்னணி கொண்ட மாணவர்கள் பயின்றபோதும், வருகை, நடத்தை, தேர்வு முடிவு ஆகியவற்றில் பள்ளிக்குப் பள்ளி வேறுபாடு இருந்தது. கட்டடத்தின் வயதோ அளவோ அதற்குக் காரணமன்று. ஆசிரியர்கள் மாணவர்களைப் பாராட்டும் விதம், அவர்களுக்குப் பொறுப்புக் கொடுத்தல், வீட்டுப்பாடத்தைக் கொடுத்துத் திருத்தும் ஒழுங்கு போன்ற அன்றாட நடைமுறைகளே வேறுபாட்டோடு தொடர்புற்றிருந்தன. இவற்றின் மொத்த உருவத்தையே பள்ளிச் சூழல் என்கிறோம்.

ஜாக்குலின் எக்கல்ஸும் அவருடைய சகாக்களும் 1993 ஆம் ஆண்டு எழுதிய கட்டுரை நம் நிலைக்கு மேலும் பொருந்துகிறது. பதின்ம வயதில் மாணவனுக்குச் சுயமாக முடிவெடுக்கும் வாய்ப்பும், பெற்றோர் அல்லாத ஒரு பெரியவரின் அணுக்கமும் அதிகம் தேவைப்படுகின்றன. அதே வயதில் அவன் சேரும் பள்ளியோ பெரிதாகவும் கட்டுப்பாடு மிகுந்ததாகவும் இருக்கிறது. தேவைக்கும் சூழலுக்கும் பொருத்தமில்லாமல் போகும்போது ஆர்வம் குன்றுகிறது என்பது அவர்களின் முடிவு.

என் நண்பனிடம் இதைக் கண்கூடாகக் கண்டேன். அவன் பல நாள் பள்ளிக்கு மட்டம் போடுவான். ஆனால் தமிழ் வகுப்பு நடக்கும் நாளில் தவறாமல் வந்துவிடுவான். குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பிக்க வகை செய்ய வேண்டும் என்று 1996 ஆம் ஆண்டு கல்விச் சட்டம் கூறுகிறது. எங்கள் பள்ளியில் அவ்வகுப்பு பள்ளி நேரம் முடிந்த பிறகுதான் நடந்தது. பசியோடு உட்கார்ந்திருப்போம். ஆயினும் அங்கே ஆசிரியர் அவனைக் கரும்பலகைக்கு அழைப்பார், அவன் சொல்லும் பதிலுக்கு வகுப்பே சிரிக்கும். அவனுக்குப் பள்ளியில் இடம் இருந்தது அந்த ஒரு வகுப்பில்தான்.

குடும்பத்தின் பங்கு

பெற்றோர் ஆதரவு என்றாலே பாடம் சொல்லிக் கொடுத்தல், பிரத்தியேக வகுப்புக்கு அனுப்புதல் என்று எண்ணுகிறோம். நான்சி ஹில், டயானா டைசன் ஆகிய இருவரும் இடைநிலைப்பள்ளியின் தொடக்க நிலை மாணவர்களைப் பற்றிய 50 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து, 2009 ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். பெற்றோர் வீட்டுப்பாடத்தில் உதவுவது இவ்வயதில் அடைவுநிலையை உறுதியாக உயர்த்தவில்லை. மாறாக, கல்வியின் மதிப்பைப் பற்றிப் பேசுதல், பாடத்தைப் பிள்ளையின் எதிர்கால விருப்பத்தோடு இணைத்துக் காட்டுதல், எதிர்பார்ப்பைத் தெளிவாகச் சொல்லுதல் ஆகியவையே அடைவுநிலையோடு வலுவான தொடர்பு கொண்டிருந்தன.

இம்முடிவு நம் பெற்றோருக்கு மிகவும் முக்கியமானது. “எனக்குப் படிப்பறிவு இல்லை, நான் எப்படி உதவ முடியும்?” என்று ஒதுங்கிக்கொள்ளும் தாய்தந்தையர் இன்றும் உண்டு. கேட்பதற்கும் பேசுவதற்கும் பட்டம் வேண்டியதில்லை. என் அம்மா எனக்கு ஒரு பாடத்தையும் கற்பிக்கவில்லை. நான் கற்றதைக் கேட்டார், அவ்வளவுதான்.

இரண்டும் சந்திக்காத இடம்

என் நண்பனின் அப்பா பாசமற்றவர் அல்லர். எங்கள் பள்ளியும் முழுக்கக் கெட்ட பள்ளி அன்று. அப்படியானால் எங்கே தவறியது? யூரி புரொன்பென்பிரென்னர் 1979 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. வீடு, பள்ளி என்ற தனித்தனி வட்டங்களைப் போலவே, அவற்றுக்கு இடையிலான தொடர்பும் பிள்ளையின் வளர்ச்சியைத் தீர்மானிக்கிறது என்றார் அவர்.

2006 ஆம் ஆண்டு, நாங்கள் இரண்டாம் படிவத்தில் இருந்தபோது, நண்பனின் வீட்டுக்குப் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அன்று மாலை நான் அவன் வீட்டு அஞ்சடியில் உட்கார்ந்திருந்தேன். மலாய்மொழியில் இருந்த அக்கடிதத்தை அப்பா அவனிடமே கொடுத்து, “என்னா எழுதியிருக்கு, படி” என்றார். அவன் முகம் மாறாமல், “பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டமாம்பா, வேலை நேரத்துல வெச்சிருக்காங்க” என்றான். அப்பா தலையாட்டிவிட்டு அதை அலமாரியின் மேல் வைத்தார். எனக்கு அந்த எழுத்துகள் தெரிந்தன. அது பள்ளிக்கு வராததற்கான இரண்டாவது எச்சரிக்கைக் கடிதம். நான் வாய் திறக்கவில்லை. நண்பனைக் காட்டிக் கொடுக்கக்கூடாது என்று அந்த வயதில் நினைத்தேன். அவ்வாண்டு இறுதியில் அவன் பள்ளியை விட்டு நின்றான். அவன் அப்பா என்னைக் கேட்ட ஒரே கேள்வி, “ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, தம்பி?” என்பதுதான். அவர் கேட்டது என்னை மட்டும்தானா, பள்ளியையும் சேர்த்தா என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

அவரவர் தம் கடமையைச் செய்ததாகவே எண்ணினர். பள்ளி கடிதம் அனுப்பியது. தந்தை கட்டணம் கட்டினார். இரண்டுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளனாக நின்றவன், எந்தப் பிள்ளையைப் பற்றிய கடிதமோ அந்தப் பிள்ளையே.

நாம் செய்யக்கூடியவை

இன்று நானே அத்தகைய கடிதங்களை அனுப்பும் இடத்தில் இருக்கிறேன். கடிதம் போகும் முன் தொலைபேசியில் அழைத்துப் பெற்றோருக்குப் புரியும் மொழியில் பேசிவிடுகிறேன். ஆண்டுத் தொடக்கத்தில், குறை எதுவும் சொல்வதற்கு இல்லாதபோதே ஒருமுறை அழைக்கிறேன். “பள்ளிக்கூடத்திலிருந்தா? என்ன செஞ்சான்?” என்று பதறும் தாயிடம், “ஒன்றும் இல்லைம்மா, நன்றாகப் பாடம் செய்கிறான், அதைச் சொல்லத்தான் அழைத்தேன்” என்று சொல்லும்போது அந்தக் குரலில் ஏற்படும் மாற்றத்தை நீங்கள் கேட்க வேண்டும். பிறகு உண்மையிலேயே சிக்கல் வரும்போது அந்தத் தாய் என்னை நம்புகிறார்.

பல்கலைக்கழக மாணவர்களாகிய உங்களுக்கும் இதில் பங்குண்டு. நாம் நடத்தும் எஸ்.பி.எம். தேர்வு வழிகாட்டிக் கருத்தரங்குகள் பயனுள்ளவை. ஆயினும் அவை ஐந்தாம் படிவம் வரை வந்து சேர்ந்தவர்களுக்கே எட்டுகின்றன. வழியில் நின்றவர்கள் அந்த மண்டபத்துக்கு வருவதில்லை. ஆகவே, புகுமுக வகுப்பு, முதலாம் படிவ மாணவர்களையும் தேடிச் செல்லுங்கள். கருத்தரங்கின் ஒரு மணி நேரத்தைப் பெற்றோருக்கென ஒதுக்கி, அறிக்கை அட்டையையும் பள்ளிக் கடிதத்தையும் எப்படிப் புரிந்துகொள்வது, பிள்ளையிடம் தினமும் என்ன கேட்பது என்று விளக்குங்கள். ஒவ்வொருவரும் ஒரு மாணவனின் பெயரையும் அவன் வீட்டாரையும் அறிந்துகொண்டு, ஆண்டு முழுதும் தொடர்பில் இருங்கள்.

முடிவுரை

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021 ஆம் ஆண்டு அகற்றப்பட்டது. மூன்றாம் படிவ மதிப்பீடான பி.டி.3 தேர்வும் 2022 ஆம் ஆண்டு அகற்றப்பட்டது. இதனால் ஒரு மாணவன் பின்தங்குவதை வீட்டாருக்கு அறிவித்து வந்த பொதுத்தேர்வு முடிவுகளும் குறைந்துவிட்டன. எஸ்.பி.எம். முடிவு வரும்போது திருத்திக்கொள்ளக் காலம் போதாது. ஆகவே பள்ளியும் வீடும் முன்னைவிட அதிகமாகப் பேசிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

என் நண்பன் இன்று சொந்தமாக லாரி ஓட்டுகிறான். அவனுடைய மூத்த மகள் இவ்வாண்டு இடைநிலைப்பள்ளியில் சேர்ந்திருக்கிறாள். சென்ற மாதம் அவன் ஒரு கடிதத்தைப் படமெடுத்துத் தொலைபேசியில் அனுப்பி, “இது என்னா, சரியாப் பார்த்துச் சொல்லு” என்று கேட்டான். இம்முறை அது உண்மையாகவே பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம்தான். “அவசியம் போடா” என்றேன். போனான்.