எண்ணியதை எழுதுவோம், எழுதியதைக் காப்போம்



போன மாதக் கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டாங்க: "ஏனுங்க மேடம், நாங்க பேக்கிங்ல நிக்கிறவங்க. கப்பல், கஸ்டம்ஸ் எல்லாம் ஆபீஸ்காரங்க சமாச்சாரம். அது எங்களுக்கு எதுக்குங்க?"

நல்ல கேள்வி. அதற்குப் பதில்தான் இந்த மாதப் பாடம். நம்ம குழுக்களில் பலர் பனியன் கம்பெனியில் செக்கிங், அயர்னிங், பேக்கிங் வேலை பார்க்கிறோம். நாம் எண்ணிச் சொல்லும் கணக்கு எங்கே போகுதுன்னு முதலில் பார்ப்போம்.

பெட்டி போகும் பாதை

பேக்கிங்கில் எத்தனை பெட்டி, பெட்டிக்கு எத்தனை பீஸ், எடை எவ்வளவு என்று எழுதுவதுதான் பேக்கிங் லிஸ்ட். அதையும் இன்வாய்ஸையும் வைத்து, கம்பெனியின் கஸ்டம்ஸ் ஏஜென்ட் 'ஷிப்பிங் பில்' பதிவு செய்கிறார். சுங்கத்துறையின் 'ஐஸ்கேட்' என்ற இணையதளம் வழியாக இது நடக்கிறது. அதிகாரி அனுமதி கொடுத்த பிறகுதான் சரக்கைக் கப்பலில் ஏற்ற முடியும்.

கப்பலில் என்னென்ன ஏறியது என்ற பட்டியலைக் கப்பல் கம்பெனி தனியாகச் சுங்கத்துறைக்குக் கொடுக்கிறது. இதை 'ஈ.ஜி.எம்.' என்பார்கள். நம்ம ஷிப்பிங் பில்லையும் இந்தப் பட்டியலையும் கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்க்கும். பெட்டி எண்ணிக்கையோ கன்டெய்னர் நம்பரோ ஒத்துப்போகவில்லை என்றால் அப்படியே நிறுத்தி வைக்கும். கம்ப்யூட்டருக்கு "சின்னத் தப்புதானே, விடு" என்று சொல்லத் தெரியாது.

பணம் எங்கே நிற்கிறது?

2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்தது. வரி கட்டி ஏற்றுமதி செய்யும் கம்பெனிக்கு அந்த வரி திரும்பக் கிடைக்கும். அதற்குத் தனி விண்ணப்பம் கிடையாது, ஷிப்பிங் பில்தான் விண்ணப்பம். கப்பல் பட்டியலும் ஜி.எஸ்.டி. கணக்கும் அதோடு ஒத்துப்போனால்தான் பணம் வரும். 'டிராபேக்' பணமும் இப்படியே நிற்கலாம்.

ஆரம்பத்தில் நாடு முழுக்கப் பலருக்குப் பணம் நின்றது. ஷிப்பிங் பில்லில் ஒரு இன்வாய்ஸ் நம்பர், ஜி.எஸ்.டி. கணக்கில் வேறு நம்பர். ஒன்றில் '012', இன்னொன்றில் '12' என்று இருந்தாலே கம்ப்யூட்டருக்கு அது வேறு பில்தான். தேங்கியதைத் தீர்க்க 2018 மார்ச் 15 முதல் சுங்கத்துறை நாடு முழுக்கச் சிறப்பு முகாம் நடத்த வேண்டி வந்தது.

நம்ம பகுதியில் நடந்தது

ஒரு சிறிய ஏற்றுமதிக் கம்பெனி. 250 பெட்டி, பெட்டிக்கு 24 பீஸ், மொத்தம் 6,000 பீஸ். ஷிப்பிங் பில் போட்டாச்சு. லாரி ஏற்றும் நேரத்தில் இரண்டு பெட்டி நனைந்திருந்தது. சூப்பர்வைசர் அதை இறக்கி வைக்கச் சொன்னார். 248 பெட்டி தூத்துக்குடிக்குப் போனது. ஆபீசுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. ஷிப்பிங் பில்லில் 250, கப்பல் பட்டியலில் 248.

பணம் மூன்று மாதம் நின்றது. கம்பெனி ஜாப் ஒர்க் யூனிட்டுக்குக் கொடுக்கவில்லை. யூனிட்டில் சனிக்கிழமைச் சம்பளம் தள்ளித் தள்ளிப் போனது. அங்கே வேலை பார்த்த நம்ம உறுப்பினர்கள் மூன்று பேர் குழுக்கடன் தவணை கட்ட முடியாமல் கூட்டத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பெட்டிக்கு இவ்வளவு தூரம்!

எப்படித் தீர்ந்தது? அந்தக் கம்பெனி பேக்கிங்கில் இருந்த நம்ம உறுப்பினர் ஒருவர் தினமும் நோட்டு எழுதுவார். அன்றைய பக்கத்தில் "பெட்டி 117, 118 நனைந்தது, ஏற்றவில்லை" என்று எழுதி, சூப்பர்வைசரிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தார். திருத்தம் கேட்கும்போது கம்பெனி கொடுத்த சான்றுகளில் அந்தப் பக்கமும் சேர்ந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டம், 149-வது பிரிவு. சரக்கு போன பிறகு ஷிப்பிங் பில்லைத் திருத்த வேண்டும் என்றால், சரக்கு போன சமயத்திலேயே இருந்த ஆவணத்தை வைத்துத்தான் திருத்த முடியும். தப்பு தெரிந்த பிறகு உட்கார்ந்து புதிதாக எழுதினால் செல்லாது. அன்றைக்கு எழுதியதுதான் சாட்சி.

நாம் செய்ய வேண்டியவை

1. மூடும் முன் எண்ணுங்கள். எண்ணிய உடனே எழுதுங்கள். "அப்புறம் எழுதிக்கலாம்" வேண்டாம்.

2. பெட்டி நம்பரை வரிசையாகப் போடுங்கள். ஒரு பெட்டியை எடுத்தால் அதன் நம்பர், காரணம், தேதி, நேரம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

3. எண்ணிக்கை மாறினால் லாரி கிளம்பும் முன்பே ஆபீசுக்குச் சொல்லுங்கள். ஏற்றுமதி அனுமதிக்கு முன் திருத்துவது சுலபம்.

4. பெட்டியோடு சேர்த்து ஒரு எடை, சரக்கு மட்டும் ஒரு எடை. இரண்டையும் மாற்றி எழுதாதீர்கள்.

5. கன்டெய்னர் நம்பரில் 4 எழுத்து, 7 எண் இருக்கும். கடைசி எண், மற்றவை சரியா என்று சோதிப்பதற்கானது. எழுதும்போது ஒருவர் படிக்க ஒருவர் எழுதுங்கள்.

6. தப்பாக எழுதினால் அழிக்காதீர்கள், வெள்ளை மை பூசாதீர்கள். ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

7. தெரிந்தே தப்பாக எழுதச் சொன்னால், "இல்லைங்க, நான் எண்ணினது இதுதான்" என்று பணிவாகச் சொல்லுங்கள்.

இதெல்லாம் நமக்குப் புதிதில்லை. குழுவில் சேமிப்புப் பேரேடும் தீர்மானப் புத்தகமும் இப்படித்தானே எழுதுகிறோம்? பத்து ரூபாய் குறைந்தால் இரவு வரை உட்கார்ந்து கண்டுபிடிக்கிறோம். அதே கவனத்தைப் பேக்கிங் மேசைக்கும் கொண்டுபோனால் போதும். அந்த அக்காவுக்கு என் பதில்: கஸ்டம்ஸ் கணக்கு ஆபீசில் ஆரம்பிக்கவில்லை அக்கா, உங்க கையில்தான் ஆரம்பிக்கிறது.

குழுக் கூட்டத்தில் பேச

1. மேலே சொன்ன கம்பெனியில் உண்மையில் போன பீஸ் எத்தனை? (விடை: 5,952)

2. உங்கள் வேலை இடத்தில் எண்ணிக்கை மாறினால் யாரிடம் சொல்ல வேண்டும்? தெரியாவிட்டால் நாளைக்கே கேட்டு வாருங்கள்.

3. நம்ம குழுப் பேரேட்டில் அழித்து எழுதிய இடம் இருக்கிறதா? எல்லோரும் சேர்ந்து பாருங்கள்.