‘யார்?’ என்பதற்கு முன் ‘ஏன்?’

இன்னும் சில ஆண்டுகளில் நம்மில் பலர் மேலாளராகவோ, பிரிவுத் தலைவராகவோ, சொந்தத் தொழில் நடத்தும் முதலாளியாகவோ ஆகிவிடுவோம். ஐம்பது பேர், நூறு பேர் நம் சொல் கேட்டு நடப்பார்கள். அவர்களுள் பலர் நம்மைவிட வயதில் மூத்தவர்களாக இருப்பார்கள். தமிழ் அறியாதவர்களாகவும் இருப்பார்கள். பல்கலைக்கழகம் நமக்குப் பொறியியலும் பொருளியலும் கற்பிக்கின்றது. பிறரிடம் வேலை வாங்கும் கலையை எந்தத் தேர்விலும் கேட்பதில்லை. பதவி ஏற்ற அன்றே அக்கலை தானாக வந்துவிடுமா? வராது. அது பழக்கத்தால் வருவது.

அப்பழக்கங்களுள் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். தவறு நேர்ந்த இடத்தில், “யார் செய்தது?” என்று கேட்பதற்கு முன், “ஏன் நேர்ந்தது?” என்று கேட்பதே அது. சொல்வதற்கு எளிது. செய்வதற்கு எவ்வளவு அரிது என்பதை ஓர் ஆலையின் வரலாற்றைக் கொண்டு பார்ப்போம்.

நாகபுரி ஆலை

1877ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், நாகபுரியில் எம்பிரஸ் மில் என்னும் பஞ்சாலை தொடங்கப்பெற்றது. அதை நிறுவியவர் ஜாம்செட்ஜி டாட்டா. அப்போது அவருக்கு வயது 37. பஞ்சாலை என்றாலே பம்பாய் என்று இருந்த காலம் அது. பருத்தி விளையும் நிலத்திற்கு அருகிலேயே ஆலை இருந்தால் என்ன என்று எண்ணி, அவர் நாட்டின் நடுப்பகுதிக்கு வந்தார்.

தொடக்கம் இனிதாக அமையவில்லை. செலவைக் குறைக்க எண்ணி முதலில் வாங்கிய இயந்திரங்கள் தரம் குறைந்தவை. நூலும் துணியும் எதிர்பார்த்தபடி வரவில்லை. இந்நிலையில் சாதாரண முதலாளி என்ன சொல்வார்? “தொழிலாளிக்குக் கைத்திறன் போதாது” என்பார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! டாட்டா அப்படிச் சொல்லவில்லை. குறை தம் கொள்முதலில் இருந்ததைக் கண்டார். நல்ல இயந்திரங்களை வரவழைத்தார்.

அடுத்த தொல்லை ஆள் வரவில் இருந்தது. ஆலைச் சங்குக்குக் கட்டுப்பட்ட வாழ்க்கை அவ்வூருக்குப் புதிது. தொழிலாளர் பலர் ஒழுங்காக வேலைக்கு வரவில்லை. பம்பாயிலிருந்து வந்தவர்களுக்கு, “இவ்வூரார் சோம்பேறிகள்” என்று முடிவு கட்டிவிடுவது மிக எளிது. அபராதம் போடுவது அதனினும் எளிது. டாட்டா அவ்வழியில் செல்லவில்லை. நாள் தவறாமல் இங்கே வருவதற்கு இவர்களுக்கு நாம் என்ன காரணம் தந்திருக்கிறோம் என்று தம்மையே கேட்டுக்கொண்டவரைப் போல் நடந்தார். 1886இல் தொழிலாளர்க்கு ஓய்வூதிய நிதி ஏற்படுத்தினார். 1895 முதல் விபத்தில் அடிபட்டவர்க்கு இழப்பீடு வழங்கினார். விளையாட்டு விழாக்கள் நடத்திப் பரிசுகள் அளித்தார். விபத்து இழப்பீட்டுக்கு இந்நாட்டில் சட்டம் வந்தது 1923இல்தான். அதாவது, சட்டம் வருவதற்கு 28 ஆண்டுகள் முன்பே அவர் அதைச் செய்துவிட்டார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். காற்று வறண்டால் பருத்தி நூல் எளிதில் அறும். நாகபுரியின் கோடையோ கடுமையானது. நூல் அறுந்துகொண்டே இருந்தால், அங்கே நிற்பவனின் கவனக்குறைவு என்றே மேற்பார்வையாளனுக்குத் தோன்றும். அவனை மாற்றி வேறொருவனை நிறுத்தினாலும் நூல் அறத்தான் செய்யும். குற்றவாளி மனிதனல்லன், காற்று! டாட்டா தம் ஆலையில் காற்றுக்கு ஈரம் ஊட்டும் கருவிகளை அமைத்தார். ‘யார்?’ என்ற கேள்வி ஒருவனைத் தண்டிக்கும், ‘ஏன்?’ என்ற கேள்வி நூலைக் காக்கும்.

பெயர் மட்டும் போதாது

ஜாம்செட்ஜி 1904இல் மறைந்தார். அவர் கனவு கண்ட எஃகு ஆலை ஜாம்செட்பூரில் எழுந்தது. அங்கே 1912இலேயே எட்டு மணி நேர வேலை முறை வந்தது.  ஆயினும் அங்கே பூசலே இல்லை என்று எண்ணிவிட வேண்டா. 1920இலும் 1922இலும் வேலைநிறுத்தங்கள் நடந்தன. 1928இல் நடந்த வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீடித்தது. சுபாஷ் சந்திர போஸ் தொழிலாளர் பக்கம் நின்றார். இது காட்டுவது என்ன? நல்ல தொடக்கம் என்றென்றைக்கும் சோறு போடாது. முன்னோர் கேட்ட கேள்வியைப் பின்வந்தவர்களும் நாள்தோறும் கேட்டாக வேண்டும்.

நம் பயிற்சிக்களம்

நாம் தமிழகத்தை விட்டு வெளியே வந்து படிக்கிறோம். “இங்குள்ளவர்கள் இப்படித்தான்” என்ற சொல் நம் விடுதி அறைகளில் எத்தனை முறை ஒலிக்கிறது! எண்ணிப் பாருங்கள். நாளை அதே சொல்லோடு ஒரு தொழிற்கூடத்தின் தலைமை நாற்காலியில் அமர்ந்தால் என்ன ஆகும்? காரணத்தைத் தேடும் வேலையை அச்சொல் நம்மிடமிருந்து பறித்துவிடும். அது தொழிலாளியின் சோம்பலைக் காட்டவில்லை. நம் மனத்தின் சோம்பலையே காட்டுகிறது.

பழக்கத்தை இன்றே தொடங்கலாம். விடுதியின் உணவுச் செயலாளராக இருக்கிறீர்களா? காலைச் சிற்றுண்டி தாமதமானால் சமையற்காரரைக் கூவி அழைக்காதீர்கள். முதலில் நீங்களே சமையற்கட்டுக்குச் செல்லுங்கள். காய்கறி எப்போது வந்தது, அடுப்பு எத்தனை எரிகிறது, எத்தனை கைகள் வேலை செய்கின்றன என்று பாருங்கள். அடுத்து, அவரைத் தனியே கேளுங்கள், இடைமறிக்காமல் கேளுங்கள். அவர் மொழியில் நாலு வார்த்தை கற்றுக்கொண்டு கேட்டால் பாதி உண்மை கூடுதலாக வரும். மூன்றாவதாக, இதில் என் பங்கு என்ன என்று உங்களையே கேளுங்கள். பட்டியலை முந்தின இரவு பத்து மணிக்கு மாற்றியவர் நீங்களாகவே இருக்கலாம்!

இப்படிக் கேட்பது கண்டிப்பைக் கைவிடுவதாகாது. ஆராய்ந்த பின்னும் குறை அந்த மனிதரிடமே இருந்தால், தனியே அழைத்துத் தெளிவாகச் சொல்லுங்கள். திருந்தக் காலம் கொடுங்கள். அப்படியும் திருந்தாவிட்டால் நடவடிக்கை எடுக்கத் தயங்காதீர்கள். காரணம் ஆராய்ந்து எடுக்கும் நடவடிக்கையைக் கண்டு எவரும் மனம் குமுற மாட்டார்கள். ஆராயாமல் கொடுக்கும் தண்டனையோ, தவறு செய்யாதவர்களையும் தவறுகளை மறைக்கக் கற்பித்துவிடும். தவறுகள் மறைக்கப்படும் இடத்தில் தலைவன் கண் கட்டப்பட்டவன்.

நண்பர்களே! நாற்காலி பிறர் கொடுப்பது. அதில் அமரும் தகுதி நாமே தேடிக்கொள்வது. இந்த வாரம் யார்மீதாவது சினம் எழுந்தால், வாய் திறக்குமுன் ஒரு முறை ‘ஏன்?’ என்று கேட்டுப் பாருங்கள். அதுவே முதற் பாடம்.