கிரேப்ஃப்ரூட்: வாங்க முதல், வைக்க முதல் இதை வாசியுங்கோ

ஈசா டவுன் பழக்கடைகளில் தோடம்பழத்துக்குப் பக்கத்தில் அதைவிடப் பெரிதாக, மஞ்சளாக ஒரு பழம் இருக்கும். இதுதான் கிரேப்ஃப்ரூட். எங்கட ஊர் ஜம்போலாவும் தோடையும் கலந்து வந்த இனம். கொஞ்சம் கசக்கும். உப்பும் மிளகாய்த்தூளும் தூவினால் அந்தக் கசப்புப் பெரிதாகத் தெரியாது.

அரைப்பழத்தில் சுமார் 40 மில்லிகிராம் விற்றமின் சி உண்டு. வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 75 முதல் 90 வரைதான். பருப்பு, கீரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் அவற்றிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். உள்ளே சிவப்பான பழத்தில் விற்றமின் ஏ-யும் கூட.

கையில் தூக்கிப் பார்த்துப் பாரமானதை எடுங்கள். பாரம் என்றால் சாறு இருக்குது. இங்கத்தைய ஜூலை, ஆகஸ்ட் வெக்கைக்கு 40 பாகைக்கு மேலே போகும். ஏசி இல்லாத அறையில் பழத்தை வெளியே விடவேண்டாம். ஃபிரிட்ஜின் மரக்கறித் தட்டில் இரண்டு, மூன்று கிழமை இருக்கும். கட்டிய பிளாஸ்டிக் பையில் வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும், பையைத் திறந்து வையுங்கள். கழுவுவது வெட்டமுதல்தான், வைக்கமுதல் அல்ல. வெட்டினதை மூடி ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு, மூன்று நாளுக்குள் முடியுங்கள். வெக்கையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கிடந்த துண்டை எறிந்துவிடவும்.

இனி முக்கியமான விசயம். சில குளிசைகளோடு இந்தப் பழம் ஒத்துவராது. கொலஸ்ட்ரோலுக்குத் தரும் சிம்வாஸ்டாட்டின், அட்டோவாஸ்டாட்டின், பிரஷருக்குத் தரும் நிஃபெடிபின் போன்றவை அதில் அடங்கும். குடலில் இந்த மருந்துகளின் ஒரு பங்கைச் சிதைக்கும் நொதியத்தை இப்பழம் தடுத்துவிடும். அதனால் இரத்தத்தில் மருந்து அளவுக்கு மிஞ்சிச் சேரும். கனடாவில் ஆராய்ச்சியாளர்கள் 1989-ல் தற்செயலாகக் கண்டுபிடித்த விசயம் இது. "காலமை பழம், இரவு குளிசை" என்று பிரித்தாலும் சரிவராது. ஒரு கிளாஸ் சாற்றின் தாக்கமே ஒரு நாளைத் தாண்டியும் நிற்கும். ஜம்போலாவுக்கும் இதே கதைதான்.

அதற்காகக் குளிசையை நிறுத்தாதேங்கோ, பழத்தை நிறுத்துங்கள். கொலஸ்ட்ரோல் குளிசை எடுக்கேக்க தசைநோவு வந்தாலோ சலம் கறுத்துப் போனாலோ உடனே டொக்டரிடம் போகவும்.

ஊரிலிருந்து கொண்டுவந்த குளிசை என்றால் பெட்டியோடு மருந்துக்கடைக்குக் கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள். அரபியிலும் பழத்துக்கு ஏறக்குறைய இதே பெயர்தான், சொன்னால் விளங்கும்.