ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் ஒரு குரல்

முன்னுரை

பிரெஞ்சு நாட்டு நடிகை சாரா பெர்ன்ஹார்ட் 1891-இல் கப்பலேறி ஆஸ்திரேலியா சென்று நாடகம் நடத்தினார். விக்டோரியா அரசியார் காலத்தில் இவ்வாறு குடியேற்ற நாடுகளைச் சுற்றிவந்த நடிகையர் பலர். அவர்களைப் பற்றிப் படித்தபோது, "நம் தமிழ்நாட்டில் இப்படி ஒரு பெண் இருந்ததில்லையா?" என்ற வினா என் உள்ளத்தில் எழுந்தது. விடையாகக் கிடைத்த பெயர் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள். திரையில் ஔவையாராக நாம் அறிந்த அவர், அதற்குப் பல ஆண்டுகள் முன்பே கடல் கடந்து மேடையேறியவர்.

ரயிலில் பாடிய சிறுமி

காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் 1908-இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். வறுமையின் காரணமாக ரயிலில் பாடிய இச்சிறுமியின் குரல், நாடக ஆர்வலரும் ரயில்வே அதிகாரியுமான எஃப். ஜி. நடேச ஐயரின் செவியில் விழுந்தது. அதுவே நாடக வாழ்வின் தொடக்கம். வேலு நாயரின் குழுவில் சிறுவர் வேடங்கள் ஏற்று வளர்ந்தார்.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1914-இல் கப்பல் போக்குவரத்து தொடங்கியிருந்தது. தமிழ் நாடகக் கலைஞர்கள் இலங்கைக்குச் சென்று வந்தனர். கொழும்பு மேடையில்தான் 1926-இல் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுடன் அவர் இணைந்து நடித்தார். 1927-இல் இருவரும் மணம் புரிந்தனர். அவர் வேலன், இவர் வள்ளி என்றால் ஊரே திரண்டது.

குரலும் இயற்பியலும்

ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்தில் கடைசி வரிசையில் இருப்பவருக்கு எப்படிக் கேட்டது? இயற்பியல் மாணவி என்ற முறையில் நான் எண்ணிப் பார்த்தேன். திறந்த வெளியில் தொலைவு இரு மடங்கானால் ஒலிச்செறிவு நான்கில் ஒரு பங்காகிறது. மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. ஆகவே பாடுபவர் உச்சக் குரலில் பாட வேண்டும். ஆர்மோனியத்தில் ஐந்து கட்டைச் சுருதி என்றால் பெண் குரலில் ஆதார ஷட்ஜம் வினாடிக்கு ஏறத்தாழ 196 அதிர்வுகள். மேல் ஷட்ஜம் 392. அதன் மேற்சுரங்கள், மனிதச் செவி மிகக் கூர்மையாக உணரும் 2000 முதல் 5000 வரையிலான அதிர்வெண்களில் அமைகின்றன. இரவெல்லாம் அந்தச் சுருதியில் நின்று பாடுவது கடும் உடல் உழைப்பு என்றால் மிகையாகாது.

அந்த உழைப்புக்குக் கூலியும் அவர் பெயரிலேயே கிடைத்தது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய நாடகங்களை நடிகர் அனைவரும் மனப்பாடமாக அறிந்திருந்தனர். அதனால் ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியே ஒப்பந்தம் செய்து, ஒத்திகையின்றியே ஓரிரவு நாடகம் நடத்த முடிந்தது. இதுவே 'ஸ்பெஷல் நாடகம்'. கம்பெனி முதலாளியை அண்டியிராமல் ஒரு பெண் தானே தன் ஊதியத்தைப் பேசிக்கொள்ள இது வழி செய்தது.

துயரமும் துணிவும்

கிட்டப்பா 1933-இல் இளமையிலேயே காலமானார். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது 25. வெள்ளைக் கதருடுத்தி, எந்த நடிகருடனும் இணை சேர்ந்து நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். ஆயினும் குரலை ஒடுக்கவில்லை. 1935-இல் 'நந்தனார்' படத்தில் ஆண் வேடமேற்று நடித்தார். 1953-இல் 'ஔவையார்' வந்தது. 1950-களில் சட்டமன்ற மேலவை உறுப்பினரானார். 1970-இல் பத்மஸ்ரீ பெற்றார். 1980-இல் மறைந்தார்.

முடிவுரை

எங்கள் ஆண்டிபட்டிப் பக்கத்துத் திருவிழாக்களில் இன்றும் வள்ளி திருமணம் நடக்கிறது. இரவு முழுவதும் ரசித்துவிட்டு, விடிந்ததும் வள்ளியாக நடித்தவரைக் "கூத்தாடிச்சி" என்று இழிவாகப் பேசுவோரை நான் கேட்டிருக்கிறேன். பஸ் ஏறிக் கல்லூரிக்கு வரும் என்னைப் பற்றியும், "பொம்பளைப் பிள்ளைக்கு ஊர் சுத்துற படிப்பு எதுக்கு?" என்று தறி நெய்யும் என் தாயாரிடம் கேட்டவர்கள் உண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். "அவ சம்பாத்தியம் அவ கையில இருக்கணும்" என்பதே அம்மா சொன்ன பதில்.

ரயிலில் பாடிய சிறுமி சட்டமன்ற மேலவை வரை சென்றதற்கு அவருடைய குரல் மட்டுமன்று, தன் உழைப்பின் ஊதியம் தன் கைக்கே வந்ததும் காரணம் என்பது என் கருத்து. அடுத்த திருவிழாவில் வள்ளி பாடும்போது, தோழியரே, அந்தக் கலைஞரின் பெயரைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். விடிந்த பின்னும் அந்தப் பெயரை மரியாதையோடு சொல்லுங்கள்.