சிறுமீன் வேறு, மீன்குஞ்சு வேறு



கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்க் கரைகளில், கடல் அமைதியாயிருக்கும் மாதங்களில் கரைவலை இழுப்பதைக் கண்டிருப்பீர்கள். தோணியில் சென்று வலையை அரைவட்டமாக வளைத்துப் போடுவர். இரு அணியினர் கரையில் நின்று கயிறு இழுப்பர். நடுவேயுள்ள மடியின் கண்கள் மிகச் சிறியவை. நெத்தலியும் கீரியும் தப்பாதிருக்கவே அவ்வாறு அமைத்தார்கள்.

சிறுமீன் பிடிப்பதனாலேயே கடல் வற்றுகிறது என்று சிலர் கூறுவர். இது முழு உண்மையன்று. நெத்தலி முற்றி வளர்ந்தாலும் விரலளவுதான். ஓராண்டுக்குள்ளேயே முட்டையிட்டுப் பெருகிவிடும். அறக்குளாவோ ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வளரவேண்டும். ஆகவே, விரலளவு நெத்தலி முதிர்ந்த மீன். சாணளவு அறக்குளா குஞ்சு. ஒரே மடியில் இரண்டும் சேர்ந்து வருவதே சிக்கல். கண்ணைப் பெரிதாக்கினால் குஞ்சு தப்பும். ஆனால் தொழிலாளியின் நெத்தலியும் போய்விடும்.

இது வீண் கவலையா? 1978 முதல் 1980 வரை நோர்வேயின் ‘நான்சன்’ ஆய்வுக்கப்பல் இலங்கைக் கடலை ஆராய்ந்தது. 2018இல் அதே பெயர்கொண்ட புதிய கப்பல் வந்தபோது, முன்னிலும் மிகக் குறைந்த மீனையே கண்டது. கரைவலையில் கூலி என்பது பிடிபட்ட மீனின் பங்கு. மீன் குறைந்தால் கயிறு இழுப்பவனின் அடுப்பே முதலில் அணையும்.

சட்டம் இல்லாமலில்லை. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழிற் சட்டம் வெடிவைத்தும் நஞ்சிட்டும் மீன் பிடிப்பதைத் தடுக்கிறது. 2017இல் இயந்திரப் படகுகளின் அடிமட்ட இழுவைமடியும் தடைசெய்யப்பட்டது. ஆயினும் ஒவ்வொரு மடியருகிலும் அதிகாரி நிற்க முடியாது. அங்கே நிற்பவர்கள் தொழிலாளரே.

அவர்களால் முடிந்தவை இரண்டு. குஞ்சுகள் கூடும் களப்பு முகத்துவாரங்களை விட்டு விலகி வலை வளைக்கலாம். மடியை மணலில் ஏற்றுமுன், நீரிலேயே உயிருள்ள குஞ்சுகளை விட்டுவிடலாம். மணலில் துடித்தபின் விடுவதால் பயன் குறைவு.

நம்மால் முடிந்தது ஒன்று. சந்தையில் நெத்தலியையும் கீரியையும் தயங்காமல் வாங்குங்கள். அறக்குளா, பாரைக் குஞ்சுகளைக் கூறுகட்டி மலிவாக விற்றால் வாங்காதீர்கள். வாங்குவாரில்லாத குஞ்சைக் கரையேற்ற யாரும் மெனக்கெட மாட்டார்கள். இந்த வேறுபாட்டை உங்கள் பிள்ளைகளுக்கும் மீன்கடையிலேயே காட்டிக்கொடுங்கள்.